போர்டில் எழுதக் கூடாத பெயர்



ஹாஸ்டல்ல எந்த ஃப்ளோருக்குப் போனாலும் ஒரு ரூமிலாவது டியோர் சோவாஜ் பாட்டில் இருக்கும். ஒரிஜினலா, டூப்ளிகேட்டாங்கிறது வேற விஷயம். 2023 மார்ச் 30 அன்று மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னாடி அந்தக் கம்பெனி நடத்தின ஃபேஷன் ஷோ நம்ம ரீல்ஸ் முழுக்க ஓடினதும் ஞாபகம் இருக்கலாம். ஆனா டியோர்ங்கிறது ஒரு மனிதரோட பெயர். கம்பெனியைத் தொடங்கும்போது அவருக்கு வயது 41. அதுவரை அவருக்குச் சொந்தம்னு இருந்த கடை, காசு, வீடு எதுவுமே அவர் கையில் நிலைக்கவில்லை.

இதை மட்டும் வச்சு ஒரு மோட்டிவேஷன் ஸ்டேட்டஸ் போட்டுட்டுப் போயிடலாம். 41 வயசுல அவர் ஜெயிச்சார், நாமளும் ஜெயிப்போம்னு. ஆனா கொஞ்சம் பொறுமையாப் படிச்சா, அவர் வாழ்க்கை அவ்வளவு நேர்க்கோடு இல்லை. அதில் அப்பாவின் பணம் இருக்கிறது, நண்பர்களின் பணம் இருக்கிறது, ஒரு உலகப் போர் இருக்கிறது, ஒரு தங்கை இருக்கிறார். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரு பெயர்ப் பிரச்சினையும் இருக்கிறது. அந்தப் பெயரைப் பிடிச்சுக்கிட்டே போவோம், வாங்க.

உரக் கம்பெனி வீட்டுப் பையன்

கிறிஸ்டியன் டியோர் 1905 ஜனவரி 21 அன்று பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் உள்ள கிரான்வில் என்ற ஊரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் இரண்டாமவர். அப்பா மோரிஸ் டியோர் உரத் தொழிற்சாலை முதலாளி. உரத் தொழிற்சாலை பக்கத்தில் இருந்தால் வாசனை எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. இன்று பெர்ஃப்யூம் என்றதும் நினைவுக்கு வரும் பெயர், அன்று அந்த ஊர்க்காரர்களுக்கு மூக்கைப் பொத்த வைத்த பெயர்!

அம்மா மதலேனுக்குத் தோட்டம்தான் உயிர். கடலைப் பார்த்த பாறை மேல் இருந்த அவர்கள் வீட்டின் சுவர் இளஞ்சிவப்பு, தரையில் சாம்பல் நிறச் சரளைக்கல். இந்த இரண்டு நிறங்களும் பூக்களும் டியோரைக் கடைசி வரை விடவே இல்லை. மற்ற பையன்கள் வெளியில் ஆடிக்கொண்டிருந்தபோது இவர் விதைக் கம்பெனி கேட்டலாக்கில் இருந்த பூக்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

அவருக்கு ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசை. வீட்டில் மகனைத் தூதரக அதிகாரியாகப் பார்க்க ஆசை. யார் ஆசை ஜெயிச்சிருக்கும்? நம்ம வீடுகள்ல ஜெயிக்கிற அதே ஆசைதான். 1923-ல் பாரிஸின் சியான்ஸ் போ என்ற பெரிய அரசியல் அறிவியல் கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள். அவரோ கிளாஸை விட அதிக நேரம் மியூசியங்களிலும் இசைக் கச்சேரிகளிலும் ஓவிய நண்பர்களின் அறைகளிலும் கழித்தார். மூன்று வருடத்தில் பட்டம் இல்லாமல் வெளியே வந்தார். பிறகு கட்டாய ராணுவ சேவை.

ராணுவத்திலிருந்து வந்ததும் ஒரு ஆர்ட் கேலரி தொடங்க வேண்டும் என்றார். வீட்டில் ரொம்ப யோசித்துவிட்டுப் பணம் கொடுத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். கடை போர்டில் குடும்பப் பெயர் இருக்கக் கூடாது. ஃபேக்டரி முதலாளி என்பது கௌரவம். ஒரு கடையின் வாசலில் பெயர் தொங்குவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் 1928-ல் திறந்த அந்த கேலரியின் போர்டில் பார்ட்னர் ஜாக் போன்ஜானின் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே பிக்காசோ, பிராக் போன்றவர்களின் படங்கள் தொங்கின. டியோர் என்ற பெயர் எங்கேயும் இல்லை.

கீழே விழுந்த வருடங்கள்

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அந்த அலை பிரான்ஸுக்கு வந்து சேர ரெண்டு வருஷம் ஆனது. 1931-ல் அம்மா இறந்தார். அதே வருடம் அப்பா மொத்தமாக நொடித்துப் போனார். படம் வாங்க ஆளில்லாமல் கேலரியும் போனது. கடலைப் பார்த்த அந்த இளஞ்சிவப்பு வீடும் கைவிட்டுப் போனது. டியோருக்கு அப்போது வயது 26. டிகிரி இல்லை, வேலை இல்லை, கையிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட வேண்டிய நிலைமை.

1934-ல் காசநோய் வந்தது. அந்தக் காலத்தில் அதற்கு இன்றைய மருந்துகள் கிடையாது. மலைக்காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு இவைதான் வைத்தியம், மூன்றுக்கும் பணம் வேண்டும். நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவரை அனுப்பி வைத்தார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. வெற்றிக் கதைகள்ல இந்த மாதிரி நண்பர்களோட பெயர் ஒருநாளும் வராது. ஆனா அவங்க அன்னைக்குக் காசு போடலைன்னா, பின்னாடி வந்த எதுவும் இல்லை.

ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து பாரிஸில் வேலை தேடினார். கிடைக்கவில்லை. ழான் ஓசேன் என்ற நண்பர் தன் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். ஓசேனின் தொழில், ஃபேஷன் டிசைன்களை வரைந்து தையல் நிறுவனங்களுக்கு விற்பது. முப்பது வயதில், பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து டியோர் வரையக் கற்றுக்கொண்டார். முதலில் விலைபோனது அவருடைய தொப்பி டிசைன்கள்தான். உடை டிசைன்களுக்கு அவ்வளவு வரவேற்பு இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைச் சரிசெய்தார். வந்த வருமானத்தில் தெற்கே கலியான் என்ற கிராமத்தில் ஒதுங்கியிருந்த அப்பாவையும் தங்கையையும் கவனித்துக்கொண்டார்.

1938-ல் ராபர்ட் பிகே என்ற டிசைனர் அவரை வேலைக்கு எடுத்தார். 33 வயதில் முதல் நிரந்தர வேலை. அடுத்த வருடமே போர் தொடங்கியது. ராணுவம் அழைத்துப் போய் விவசாய வேலையில் போட்டது. 1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றதும் கலியானுக்குப் போனார். அங்கே அவரும் தங்கை கத்ரீனும் நிலத்தில் காய்கறி பயிரிட்டு விற்றார்கள். டிசைன் வரைந்த கை, பட்டாணியும் பீன்ஸும் பறித்தது.

ஒரே குடும்பம், இரண்டு பாதைகள்

இனி வரும் பகுதிதான் டியோர் கதையில் ரொம்பக் கஷ்டமானது. தாண்டிப் போயிடாதீங்க.

ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பாரிஸுக்கு அவர் திரும்பி வந்தபோது பிகேயிடம் இருந்த வேலையில் வேறு ஆள் இருந்தார். லூசியன் லெலோங் என்ற பெரிய நிறுவனத்தில் சேர்ந்தார். பாரிஸ் ஃபேஷன் தொழிலையே பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் கொண்டுபோக ஜெர்மானியர்கள் திட்டம் போட்டிருந்தார்கள். அந்தத் தொழில் சங்கத்தின் தலைவராக இருந்த லெலோங் அவர்களோடு பேசிப் பேசி அதைத் தடுத்தார். ஆயிரக்கணக்கான தையல் தொழிலாளிகளின் வேலை அதனால் தப்பியது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த வருடங்களில் விலையுயர்ந்த உடை வாங்கக் கையில் காசு வைத்திருந்தவர்கள் யார்? நாஜி அதிகாரிகளின் மனைவிகள், கள்ளச் சந்தையில் பணம் பார்த்தவர்கள், ஜெர்மானியரோடு ஒத்துப்போனவர்கள். டியோர் வரைந்த உடைகள் அவர்கள் மேல்தான் ஏறின.

அதே நேரத்தில் அவருடைய தங்கை கத்ரீன் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அண்ணனை விட 12 வயது சின்னவர். எஃப்2 என்ற தலைமறைவு உளவு அமைப்பில் சேர்ந்து, ஜெர்மன் படைகளின் நடமாட்டம் பற்றிய தகவல்களைத் திரட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். பாரிஸுக்கு வந்தால் அண்ணனின் அப்பார்ட்மென்டில்தான் தங்குவார். காலையில் அண்ணன் லெலோங்கில் அந்த வாடிக்கையாளர்களுக்கு டிசைன் போடக் கிளம்புவார். தங்கை அவர்களுக்கு எதிரான வேலைக்குக் கிளம்புவார்.

1944 ஜூலை 6 அன்று கத்ரீன் பிடிபட்டார். சித்திரவதை செய்தார்கள். கூட வேலை செய்தவர்களில் ஒருவரைக்கூட அவர் காட்டிக்கொடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த செல்வாக்கு முழுவதையும் பயன்படுத்தி அண்ணன் அவரை மீட்க அலைந்தார், முடியவில்லை. ஆகஸ்ட் 15 அன்று பாரிஸிலிருந்து கிளம்பிய கடைசி ரயில்களில் ஒன்றில் ஏற்றி, ராவன்ஸ்புரூக் வதை முகாமுக்கு அனுப்பினார்கள். பத்தே நாள் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று பாரிஸ் விடுதலை அடைந்தது. பத்து நாள்!

அடுத்த ஒன்பது மாதம் தங்கை உயிரோடு இருக்கிறாரா என்றே டியோருக்குத் தெரியாது. ஜோசியம் பார்க்கும் ஒரு பெண்மணியிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். திரும்பி வருவார் என்று அந்தப் பெண்மணி சொல்லிக்கொண்டே இருந்தார். 1945 மே மாதக் கடைசியில் கத்ரீன் திரும்பி வந்தார். ஸ்டேஷனில் இறங்கிய அந்த எலும்பும் தோலுமான பெண்ணை அண்ணனுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. தங்கைக்காக அவர் சமைத்து வைத்திருந்த சாப்பாட்டைச் சாப்பிடும் நிலையிலும் அவர் இல்லை.

இதை வைத்து டியோரை நல்லவர், கெட்டவர் என்று ஒரு டிக் அடிக்க நான் உங்களைக் கேட்கப் போவதில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் தன் கஸ்டமர் யார் என்று தேர்ந்தெடுக்க முடியாது என்று சிலர் வாதாடலாம். அதே வீட்டில் வளர்ந்த ஒருவர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் உண்மைதானே? நாளைக்கு நாம ஒரு கம்பெனியில கோட் எழுதுவோம், டிசைன் பண்ணுவோம். அது எங்கே போய் யார் கையில் சேருதுங்கிற கேள்வி நமக்கும் ஒரு நாள் வரும். அன்னைக்கு இந்த அப்பார்ட்மென்ட் ஞாபகம் வந்தால் நல்லது.

இந்தத் தடவை போர்டில் பெயர்

1946. டியோருக்கு 41 வயது. இன்னும் லெலோங்கிடம்தான் வேலை. மார்செல் பூசாக் என்ற பருத்தித் துணி ஆலை அதிபர், தன்னிடம் இருந்த ஒரு பழைய ஃபேஷன் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த ஆள் தேடிக்கொண்டிருந்தார். சிறுவயது நண்பர் ஒருவர் மூலம் அந்த வாய்ப்பு டியோருக்கு வந்தது. அவர் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். செத்துப்போன கம்பெனிக்கு உயிர் கொடுக்க எனக்கு விருப்பமில்லை, புதிதாக ஒன்று, சின்னதாக ஒன்று, என் பெயரிலேயே தொடங்க வேண்டும் என்று பிரான்ஸின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவரிடம் நேருக்கு நேர் சொன்னார். கூச்ச சுபாவத்துக்குப் பெயர் போன மனிதர் அவர்!

இந்த முடிவை எடுக்கும் முன் அவர் எவ்வளவு தடுமாறினார் என்பதற்கு ஒரு கதை உண்டு. தெருவில் நடந்து போகும்போது காலில் ஏதோ தட்டியது. குனிந்து எடுத்துப் பார்த்தால் உலோகத்தால் ஆன ஒரு நட்சத்திரம். அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார். சகுனம், ஜோசியம், ராசி எண் 8 எல்லாவற்றிலும் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. கம்பெனி பதிவான தேதியும் அக்டோபர் 8.

பாரிஸ், 30, மோந்தேஞ் அவென்யூ. வாசலில் கிறிஸ்டியன் டியோர் என்று எழுதினார்கள். வீட்டில் 18 வருடம் முன்னால் கூடாது என்ற பெயர்.

1947 பிப்ரவரி 12. முதல் ஷோ. அந்தக் குளிர்காலம் ஐரோப்பாவில் மிக மோசமான குளிர்காலங்களில் ஒன்று. நிலக்கரித் தட்டுப்பாடு, பிரான்ஸில் ரொட்டிக்குக்கூட ரேஷன். போர் வருடங்களில் பெண்கள் போட்டுக்கொண்டிருந்தது என்ன? முட்டி வரைக்கும் வரும் குட்டையான, இறுக்கமான ஸ்கர்ட், ராணுவ யூனிஃபார்ம் மாதிரி சதுரத் தோள் வைத்த ஜாக்கெட். துணியை மிச்சம் பிடிக்கத் தைத்த உடைகள். அன்று அந்த அறைக்குள் வந்த 90 உடைகள் நேர் எதிர். வட்டமான தோள், மெல்லிய இடுப்பு, பூவை விரித்துக் கவிழ்த்த மாதிரி கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரை விரியும் ஸ்கர்ட். மாடல்கள் சுழன்று திரும்பினபோது ஸ்கர்ட் பட்டு ஆஷ் ட்ரேக்கள் உருண்டன. ஷோ பார்க்க வந்திருந்த ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகையின் ஆசிரியர் கார்மெல் ஸ்னோ போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை அதற்குப் பெயராகவே நின்றுவிட்டது: நியூ லுக்.

எல்லாரும் கைதட்டவில்லை. சில உடைகளுக்கு 20 மீட்டர் வரை துணி போனது. நம்ம புடவை ஐந்தரை மீட்டர், அப்படின்னா கிட்டத்தட்ட நாலு புடவை. குழந்தைக்கு உடுப்பு தைக்கவே துணி கிடைக்காத ஊரில் இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? பாரிஸின் லெபிக் தெருச் சந்தையில் இந்த உடையோடு போட்டோ எடுக்க நின்ற மாடல்கள் மேல் பெண்கள் பாய்ந்து உடையைக் கிழித்தார்கள். அதே வருடம் அவர் அமெரிக்கா போனபோது சிகாகோவில் பெண்கள் போராட்ட அட்டைகளோடு காத்திருந்தார்கள். முட்டியை மூட மாட்டோம் என்று டல்லாஸில் ஒரு கிளப்பே தொடங்கினார்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. போர்க் காலத்தில் ஃபேக்டரியில் லேத் ஓட்டிய, ஆம்புலன்ஸ் ஓட்டிய பெண்களை மறுபடி இடுப்பை இறுக்கிக் கட்டச் சொல்லும் உடை இது. ஷனேல் கம்பெனியின் கோகோ ஷனேலும் இந்த ஸ்டைலைக் கடைசி வரை கிண்டல் செய்தார். துணி ஆலை முதலாளி காசு போட்ட கம்பெனி, நிறையத் துணி தேவைப்படும் உடையைப் போடச் சொல்கிறது என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், ஏழெட்டு வருடம் சாம்பல் நிறத்தையும் தட்டுப்பாட்டையும் மட்டுமே பார்த்துச் சலித்த கோடிக்கணக்கான பெண்கள் அதை ஆசைப்பட்டே தேர்ந்தெடுத்தார்கள். வாங்க முடியாதவர்கள் பழைய திரைச்சீலையைப் பிரித்து ஸ்கர்ட்டின் நீளத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

துணிக்குள் ஒரு ஸ்ட்ரக்சர்

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். சிவில், மெக்கானிக்கல் மக்கள் கொஞ்சம் கவனிங்க.

அந்தக் கலெக்ஷனில் ரொம்பப் பிரபலமானது பார் சூட். தந்த நிறப் பட்டு ஜாக்கெட், கீழே கறுப்பு கம்பளி பிளீட்டட் ஸ்கர்ட். அதில் இடுப்பு அவ்வளவு மெலிதாகத் தெரிவதற்குக் காரணம் இடுப்பை இறுக்கியது மட்டும் இல்லை. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ளே பேடிங் வைத்து வெளியே தள்ளியிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கினால் நடுவில் இருப்பது சின்னதாகத் தெரியும். சிம்பிளான ஜியோமெட்ரி. அவ்வளவு கனமான ஸ்கர்ட்டின் எடை தோளிலிருந்து தொங்கினால் மேல்பகுதி இழுபட்டு வடிவம் போய்விடும். அதனால் இடுப்பைச் சுற்றி உள்ளே ஒரு பட்டை, எடையை அது தாங்கும். ஸ்கர்ட் விரிந்து நிற்க உள்ளே அடுக்கடுக்காக வலைத்துணி. வெளியே இருந்து பார்த்தால் பூ, உள்ளே போனால் ஃப்ரேம், லோட் டிரான்ஸ்ஃபர், சப்போர்ட். ஆர்க்கிடெக்சர் படிக்க விடாத பையன் கடைசியில் கட்டடத்தைத் துணியில் கட்டினார்.

இன்னொரு விஷயம். டியோர் தையல் மெஷினில் உட்கார்ந்தவர் இல்லை. கிராமத்து வீட்டுக்குப் போய், படுக்கையில், குளியல் தொட்டியில் கிடந்துகூட நூற்றுக்கணக்கில் ஸ்கெட்ச் போடுவார். பாரிஸ் வந்ததும் பட்டறைத் தலைவிகள் தங்களுக்குப் புரிகிற ஸ்கெட்ச்களைத் தேர்ந்தெடுத்துப் போவார்கள். முதலில் காடாத் துணியில் ஒரு மாதிரி தைப்பார்கள். அதுதான் புரொட்டோடைப். ஒரு குச்சியால் தொட்டுக் காட்டி, இங்கே ஏற்று, அங்கே இறக்கு என்று டியோர் திருத்துவார். பல மாதிரிகள் அங்கேயே தூக்கி எறியப்படும். தேறியது மட்டும்தான் நிஜத் துணிக்குப் போகும். மார்கரித் கார்ரே என்ற பெண்மணி டெக்னிக்கல் பொறுப்பு முழுவதையும் பார்த்தார். ஜாக்கெட் பட்டறையின் பொறுப்பில் இருந்த 24 வயது இளைஞரின் பெயர் பியர் கார்டின், பின்னாளில் அவரே ஒரு பிராண்ட். நம்ம ஃபைனல் இயர் புராஜெக்டில் நாலு பேர் செய்த வேலைக்கு ஒரே பெயர் வருவது போலத்தான், இத்தனை கைகளின் வேலைக்கும் டியோர் என்று ஒரே பெயர்.

பெயரின் விலை

அதே 1947-ல் முதல் பெர்ஃப்யூம் வந்தது. பெயர் மிஸ் டியோர். அந்த மிஸ், வதை முகாமிலிருந்து திரும்பி வந்த கத்ரீன்தான் என்று சொல்கிறார்கள். கத்ரீன் அண்ணனின் புகழில் பங்கு கேட்கவே இல்லை. பாரிஸ் மார்க்கெட்டில் விடியற்காலையில் எழுந்து போய்ப் பூ மொத்த வியாபாரம் செய்தார். பிறகு கலியானில் ரோஜாவும் மல்லிகையும் பயிரிட்டார். பிரான்ஸ் அரசு வீரப் பதக்கம் கொடுத்தது. தன்னைச் சித்திரவதை செய்தவர்கள் மேல் வழக்கு நடந்தபோது கோர்ட்டில் வந்து சாட்சி சொன்னார். 2008 வரை வாழ்ந்தார். டியோர் என்ற பெயருக்குள் இப்படி ஒரு பெண்ணும் இருக்கிறார் என்பது பாட்டில் மேல் எழுதியிருக்காது.

பெயரின் வியாபாரத்துக்கு வருவோம். ஒரு அமெரிக்கக் காலுறைக் கம்பெனி, உங்கள் பெயரை எங்கள் காலுறையில் போட்டுக்கொள்கிறோம் என்று ஒரு மொத்தத் தொகையைக் காட்டியது. டியோர் அதை மறுத்துவிட்டு, விற்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பங்கு கேட்டார். அதாவது ராயல்டி. இன்றைக்கு பெல்ட்டிலிருந்து செருப்பு வரை ஒரு டிசைனரின் பெயர் ஓடுகிறதே, அந்த லைசென்சிங் பழக்கத்தைப் பெரிய அளவில் ஓட வைத்தவர்களில் முக்கியமானவர் டியோர். பாரிஸின் மற்ற டிசைனர்கள், தொழிலின் மதிப்பைக் கெடுக்கிறார் என்று முதலில் திட்டினார்கள், பிறகு அவர்களும் அதையே செய்தார்கள். பத்தே வருடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனம் ஆனது. 1957 மார்ச்சில் டைம் பத்திரிகையின் அட்டையில் பெரிய கத்தரிக்கோலோடு அவர் முகம் வந்தது.

சின்னதாக ஒரு கடை வேண்டும் என்று கேட்டவருக்கு அது பெரிய சுமையாகவும் ஆனது. வருடத்துக்கு இரண்டு கலெக்ஷன், ஒவ்வொன்றிலும் உலகத்தை ஆச்சரியப்படுத்தியே ஆக வேண்டும். ட்யூலிப், ஹெச், ஏ, ஒய் என்று ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு புது வடிவம். உடம்பு கெட்டது, இதயம் தொந்தரவு கொடுத்தது. 1956-ல் வந்த தன் சுயசரிதையில் அவர் தன்னை இரண்டாகப் பிரித்தே பேசுகிறார்: ஊருக்குத் தெரிந்த கிறிஸ்டியன் டியோர் ஒருவர், கூச்ச சுபாவமுள்ள தான் இன்னொருவர். போர்டில் ஏறிய பெயர் ஒருகட்டத்தில் தனி ஆளாக நடக்க ஆரம்பித்துவிட்டது.

சட்டப்படியும் நிலைமை அதுதான். அவருக்குச் சம்பளமும் லாபத்தில் பங்கும் உண்டு. ஆனால் கம்பெனிக்குச் சொந்தக்காரர் பூசாக், பெயரும் கம்பெனியோடு. ஸ்டார்ட்-அப் கனவில் இருக்கிறவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிங்க. உங்க பெயர் போர்டுல இருக்கிறது வேற, அந்த போர்டு உங்களோடதா இருக்கிறது வேற.

அவருக்குப் பிறகு

1957 அக்டோபரில் ஓய்வுக்காக இத்தாலியின் மோந்தேகாத்தினி என்ற ஊருக்குக் கிளம்பினார். போக வேண்டாம் என்று அந்த ஜோசியப் பெண்மணி தடுத்ததாகச் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்க ஜோசியத்தைக் கேட்டவர் அந்த ஒரு தடவை கேட்கவில்லை. அக்டோபர் 24 அன்று அங்கே மாரடைப்பில் இறந்தார். வயது 52. சொந்தப் பெயரில் வேலை செய்தது மொத்தம் பதினோரு வருடம்தான். பட்டாணி பயிரிட்ட அதே கலியானில் அவரைப் புதைத்தார்கள்.

இத்தனை பெரிய நிறுவனத்தை அடுத்து யார் நடத்துவது? 1955-ல் டியோர் வேலைக்கு எடுத்த, அல்ஜீரியாவில் பிறந்த, கண்ணாடி போட்ட, அவரைப் போலவே கூச்ச சுபாவமுள்ள ஒரு பையன் இருந்தான். தனக்குப் பின் இவன்தான் என்று டியோர் முன்பே முடிவு செய்திருந்தார். அவன் இவ் சான் லோரான். நாம ஒய்எஸ்எல்னு சொல்றோமே, அவர்தான். டியோர் இறந்தபோது அவருக்கு வயது 21. உங்க வயசு, என் வயசு. 1958 ஜனவரியில் அவர் கொடுத்த முதல் கலெக்ஷன் பெரிய வெற்றி. குருநாதர் இறுக்கிய இடுப்பைச் சீடர் அவிழ்த்துவிட்டார், தோளிலிருந்து தளர்வாக விரியும் ட்ரபீஸ் வடிவம். ஆனால் 1960-ல் ராணுவம் அழைத்தது, அங்கே மனநிலை பாதிக்கப்பட்டது, அவர் இடத்தில் கம்பெனி வேறு ஆளை வைத்தது. பிறகு தன் சொந்தப் பெயரில் தனியாகத் தொடங்கினார்.

ஒருவருக்கு 41-ல் கதவு திறந்தது. இன்னொருவருக்கு 21-ல் திறந்து 24-ல் மூடியது, மறுபடி வேறு கதவைத் திறந்தார். அதனால பிளேஸ்மென்ட் லிஸ்ட்ல பெயர் வராதவங்களுக்கு டியோர் ஒரு ஆறுதல்னு சொல்லி முடிக்க நான் விரும்பலை. லிஸ்ட்ல பெயர் வந்தவங்களுக்கு அவர் சொல்ற விஷயமும் இருக்கு. கேலரியில் அவர் படங்களைப் பார்த்துப் பழகிய கண், பூ கேட்டலாக்கில் படித்த பெயர்கள், ஆர்க்கிடெக்சர் மேல் இருந்த ஆசை, மற்றவர்கள் கம்பெனியில் வேலை பார்த்துக் கற்ற நுணுக்கம், எல்லாமே பிறகு அந்த உடைகளுக்குள் போனது. அன்று அவை ஒன்றோடொன்று சேரும் என்று அவருக்கே தெரியாது. அடுத்த வேலையைச் செய்துகொண்டே இருந்தார், அவ்வளவுதான். விழுந்தபோது பிடித்துக்கொள்ள நண்பர்கள் இருந்தார்கள்.

பூசாக்கின் சாம்ராஜ்யமும் பின்னாளில் நொடித்தது. 1984-ல் அதை வாங்கியவர் பெர்னார்ட் அர்னோ, பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக்கில் படித்த இன்ஜினீயர். வாங்கியதில் அவருக்கு முக்கியமாகத் தேவைப்பட்டது டியோர் என்ற பெயர்தான். அதில் தொடங்கிய பயணம் அவரை உலகின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர் ஆக்கியது.

கிரான்வில்லில் குடும்பம் இழந்த அந்த இளஞ்சிவப்பு வீடு இடிக்கப்படவில்லை. தோட்டத்தோடு அப்படியே இருக்கிறது. இப்போது அது மியூசியம். டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். வாசல் போர்டில் எழுதியிருப்பது, கடை வாசலில் தொங்கவே கூடாது என்று அந்த வீட்டார் சொன்ன அதே பெயர்.